அண்ணனுடைய லெவல்

கொரோனா வந்தபோது நானும் அண்ணனும் எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து ஒரே ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்குக் காய்ச்சல், ஓயாத இருமல். அவனோ இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னைத் தாண்டி அவனிடம்தான் போனார். உடம்புக்குள் அழற்சி கிளம்புகிறது, நுரையீரலைத் தாக்கக்கூடும், வெளியே தெரிவதற்கு முன்பே ரத்தம் சொல்லிவிடும் என்றார்.

"அண்ணனுக்கு அந்த அழற்சி லெவல் ரொம்ப ஏறியிருக்கு. உங்களுக்குக் கம்மிதான், பயப்படாதீங்க."

லெவல் என்றால் எங்கள் ஊரில் சுரங்கத்தின் ஆழம். அண்ணன் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி, ஆழமான லெவல்களில் வேலை செய்தவன். நான் கடைசிவரை மேலே பம்ப் ஷெட்டில் இருந்தவன். என்னைப் போன்றவர்களுக்கு சர்ஃபேஸ் என்று பெயர். கல்யாண வீடுகளில்கூட அவனுக்குத்தான் முதல் நாற்காலி.

பக்கத்துக் கட்டிலிலிருந்து அவன் சிரித்தான். "இன்னாடா, இங்கயும் நீ சர்ஃபேஸ்தானா?"

ஆக்சிஜன் வசதியுள்ள ஜன்னலோரக் கட்டிலுக்கு அவனை மாற்றினார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து அவன் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். இருமிக்கொண்டிருந்த எனக்கு ஒரு மாத்திரை. நர்ஸ் வரும்போதெல்லாம் நானும் விரலை நீட்டினேன்.

டாக்டரம்மா சொன்னபடியே அவனுக்கு மூச்சு முட்டியது. எல்லாம் தயாராக இருந்ததால் பிழைத்துக்கொண்டான்.

இப்போது டீக்கடையில் எல்லோரிடமும் தன் லெவலைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "உனக்கு எவ்ளோ?" என்று யாராவது என்னைக் கேட்டால், நானும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.