கார்த்திகையில் பிடித்த தண்ணீர்

ஏரலுக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில், ஓர் ஆற்றங்கரை ஊரில் இருபது வருஷமாக மோட்டார் போட்டுத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் ஞானசிகாமணி. ஊர்க்கிணற்றுத் தண்ணீரை வருஷத்துக்கு ஒரு தடவை பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவதும் அவர்தான். எந்த மாசம் என்று யாரும் சொன்னதில்லை. அவர் கார்த்திகையைப் பிடித்துக்கொண்டார். அப்போது ஆறு இரு கரையும் தொட்டுப் போகும், தண்ணீர் இளநீராக இருக்கும், 'நன்று' என்று தாள் வரும். கோடையில் தண்ணீர் உப்புக் கரித்தால், "மழை விழுந்தா சரியாயிரும்" என்பார். விழும், சரியாகும். அந்த வாக்கு பலித்துப் பலித்தே ஊரில் அவருக்கு மரியாதை.

டீக்கடை சாலோமிக்குத் தாள் தெரியாது, பால் தெரியும். கரிப்புத் தண்ணீர் பட்டால் பால் திரிந்துவிடும். முன்பு சித்திரையில் மட்டும் திரிந்தது. பிறகு பங்குனியில். போன வருஷம் மாசியிலேயே.

"தண்ணி சரியில்ல அண்ணாச்சி."

"பத்து வருஷத் தாளு இருக்கு. நீ பாலைப் பாரு."

பார்த்தாள். பால் ஊற்றும் பீர் மைதீனை நாலு பேர் முன்னால், "பழம்பாலைக் கலக்குதீரு, இனி வராதீரும்" என்று நிறுத்தினாள். பல வீடுகளும் நிறுத்தின. பெஞ்சில் இருந்த ஞானசிகாமணி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்குக்குத் தெரிந்திருந்தது. வாய்தான் திறக்கவில்லை.

இந்தத் தையில், ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாலோமி சட்டியோடு மோட்டார் அறைக்கு வந்தாள்.

"திரிஞ்சு கெடக்கு. இது யாரு பாலுங்கீரு? எங்க வீட்டுப் பசு. நானே கறந்தேன். இப்பச் சொல்லும்!"

சாயங்காலம் அவர் பீர் மைதீன் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தார். தொழுவில் மூன்று எருமை நின்ற இடத்தில் ஒன்றுதான் நின்றது.

"தண்ணிதான் பாய் கெட்டது. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும்வே," என்றார் பீர் மைதீன், புல்லை உதறியபடி. "அந்த டீயை நானுந்தான குடிச்சேன். என்னைக் கடையில வச்சுத்தான் அவ பேசுனா. நீரும் அங்கன வச்சே சொல்லும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு டீக்கடை நிறைந்திருந்தது. அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னார். கார்த்திகையில் மட்டும் பிடித்ததையும், தெரிந்தே பேசாமல் இருந்ததையும்.

யாரோ ஒருவர், "அதான் மழை விழுந்தா சரியாயிரும்லா அண்ணாச்சி?" என்றார், கேலியில்லாமல்.

"ஆகும். ஆனா வருஷா வருஷம் கொஞ்சம் கொறச்சலாத்தான் ஆகுது. பையப் பைய கடல் தண்ணி நம்ம கெணத்துக்குள்ள ஏறி வருது."

சாலோமி அவருக்காக ஆற்றி வைத்திருந்த டம்ளரை எடுத்து, அடுத்த ஆளிடம் நீட்டினாள்.