கத்தரிக்காய் தர மறுத்த பெண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. சுன்னாகம் சந்தைக்கு அருகில் தகரக் கொட்டகை போட்டு எங்கள் குழு நாடகம் நடத்திக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் நடிகன் என்றால் பாட வேண்டும். ஆர்மோனியத்தையும் மீறிக் குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். என் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. ராஜா வேடத்தில் நான் வாய் திறந்தாலே சனம் கேலியாகக் கூவத் தொடங்கிவிடும். கடைசியில், பாட்டே இல்லாத ஒரு வேடத்தைத் தந்தார்கள். மனைவியையும் கைக்குழந்தையையும் கொட்டும் மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும் கணவன்.

முதல் நாள் அந்தக் காட்சியில் யாரும் கூவவில்லை. கைதட்டவும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. கூவுவதற்குக்கூட நான் லாயக்கில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை குழுத் தலைவரிடம் போனேன். அவர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எனக்கு உது சரிவராது. நான் ஊருக்குப் போறன்."

"போறதெண்டால் போ. அதுக்கு முன்னம் சமையலுக்குக் கத்தரிக்காய் வாங்கித் தந்திட்டுப் போ."

அவ்வளவுதான். என்னைத் தடுக்கக்கூட இல்லை.

சந்தையில் ஒரு பெண் கத்தரிக்காய் குவித்து வைத்திருந்தாள். குனிந்து ஒன்றை எடுத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தவள், அதை என் கையிலிருந்து பறித்துக் குவியலில் போட்டாள்.

"உனக்கு விக்கமாட்டன்."

"ஏன் அக்கா?"

"நேற்று மழைக்குள்ளை துரத்தினியே, அவளைப் போய்க் கூட்டிக்கொண்டு வா. பேந்து தாறன்."

"அது நாடகமெல்லோ அக்கா. அந்தப் பொம்பிளையும் உண்மையிலை ஆம்பிளைதான்."

"ஓம், அது எனக்கும் தெரியும். எண்டாலும் உன்ரை முகத்தைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வருது. போ தம்பி அங்காலை."

பக்கத்திலிருந்த பெண்களும் என்னை முறைத்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது. இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷமாகவும் இருந்தது. முந்தைய நாள் கொட்டகை ஏன் அப்படி அடங்கிக் கிடந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

வெறுங்கையோடு திரும்பி வந்து, நடந்ததைத் தலைவரிடம் சொன்னேன். அவர் வாய் கொப்பளித்துவிட்டு, "அப்ப இண்டைக்கும் நீதான்" என்றார்.

நான் ஊருக்குப் போகவில்லை. பின்னர் பல வருடங்கள், நெல்லியடிப் பக்கம்வரை, அப்படிப்பட்ட வேடமென்றால் என்னைத் தேடி வந்தார்கள். பாட்டு மட்டும் கடைசிவரை வரவில்லை. மேடையேறும் முன் வரும் பயமும் போகவில்லை. நான் நடிகன்தானா என்ற சந்தேகம் தீர்ந்த பிறகுதான் நடிக்க வேண்டும் என்பதில்லை, அதை வைத்துக்கொண்டே நடிக்கலாம் என்று மட்டும் அன்றிலிருந்து தெரியும்.