பேயையே கொடுங்கள்

என் மகள் நான்காம் வகுப்பை முடித்த கோடையில், அவளைப் பெரம்பலூர் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்ப்பது என்று என் கணவர் முடிவு செய்தார். புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறாள், அங்கே போட்டால்தான் படிப்பு வரும் என்றார். பள்ளி திறப்பதற்குள் நான் அவளைப் படிக்க வைத்துக் காட்டுகிறேன் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

முதலில் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அரியலூர் கடைத்தெருவில் தடித்தடியாக மூன்று நீதிக்கதைப் புத்தகங்கள் வாங்கினேன். பழுப்புத் தாளில் அட்டை போட்டு ஷோகேஸில் வைத்தேன். கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். சாப்பிடும்போது தொடவே கூடாது. கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் வீடுகளில் அப்படித்தான். என் மாமனார் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர், எழுத்து தெரியாதவர். அந்த வீட்டுக்குள் வந்த முதல் புத்தகம் என் கணவரின் பாடப்புத்தகம். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். அந்த மரியாதையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் என் மகள் ஒரு மாதம் ஷோகேஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாமியை யார் விளையாடக் கூப்பிடுவார்கள்?

மே மாதம் பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்கு நானும் அவளும் போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடையில், நீயே ஒன்று எடு என்று விட்டுவிட்டேன். பச்சை மூஞ்சிப் பேய் ஒன்று கொசுக்கடிக்குப் பயந்து கொசுவலைக்குள் உட்கார்ந்திருக்கிற மெல்லிய புத்தகத்தை எடுத்தாள். பக்கத்துக்கு நாலு வரி. இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது, இவளுக்குப் பொது அறிவுப் புத்தகம் தரட்டுமா என்றார் கடைக்காரர். அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பேயையே கொடுங்கள் என்றேன். படிக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு வயசுக்கேற்ற புத்தகம் எதற்கு? அவளால் முடித்துவிட முடிகிற புத்தகம்தான் வேண்டும். பஸ் அரியலூர் வருவதற்குள் விரலை வைத்து எழுத்துக் கூட்டி அதை முடித்துவிட்டு, மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வீட்டுச் சட்டங்களையெல்லாம் தூக்கிப் போட்டேன். அவள் கை காட்டிய புத்தகத்தைத்தான் வாங்கினேன். ஒரு மத்தியானம் என் கணவர் லாரியில் சுண்ணாம்புக்கல் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். அவள் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே படித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் காற்றில் பக்கம் புரளாமல் இருக்க, கால் கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"புஸ்தகத்த கால வச்சு மிதிக்கிறா, நீ பாத்துக்கிட்டு நிக்கிற."

"மிதிக்கட்டுங்க. படிக்கிறால்ல."

அவர் பீரோவிலிருந்து ஹாஸ்டல் விண்ணப்பத்தை எடுத்து அவள் முன்னால் போட்டார். பேய்க்கதை படிப்பதெல்லாம் ஒரு படிப்பா, இதைப் படிக்கட்டும் பார்ப்போம் என்றார். அவள் ரசக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஆரம்பித்தாள். 'விண்ணப்பதாரர்' வாயில் நுழையவில்லை. அதைத் தாண்டிப் போனாள். திக்கித் திக்கி விடுதி விதிகள் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே ஒரு வரியில் நின்று, மனசுக்குள் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, சத்தமாகப் படித்தாள்.

"மாணவிகள் கதைப் புத்தகங்கள் கொண்டுவரக் கூடாது."

தாளை அவரிடமே நீட்டினாள்.

"நான் போவலப்பா."

அவர் தாளை வாங்கி அந்த வரியைத் தானும் ஒரு தடவை படித்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கும் சோறு போடு என்று அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.