குடைக்கம்பி நட்சத்திரம்

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் செத்தாலும் பிணம் என்னிடம்தான் வரும். அவற்றில் பாதியை நானே கொன்றிருந்தேன் என்பது வேறு விஷயம். அப்பாவை ஷிஃப்டுக்கு எழுப்பிக்கொண்டிருந்த அலாரம் கடிகாரம் கொஞ்சம் பின்தங்குகிறது என்று ரிப்பேர் செய்யப் போய், அதை ஒரேயடியாக நிறுத்திவைத்தவன் நான். அப்பாவை எழுப்பும் வேலை அம்மாவுக்கு வந்தது. உதிரிப் பாகங்கள் எனக்கு வந்தன.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட அவற்றையெல்லாம் வெளியே எடுத்தேன். ஊரிகத்துத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எல்லாரும் மூங்கில் பிளாச்சில்தான் நட்சத்திரம் கட்டுவார்கள். என் மேதைமைக்கு அது போதவில்லை. உடைந்த குடையின் கம்பிகளை வளைத்து ஐந்து முனை வைத்தேன். நட்சத்திரத்துக்கும் நண்டுக்கும் நடுவில் எங்கேயோ போய் நின்றது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டி, ஃபியூஸ் போன பல்புக்குச் சிவப்பு மை பூசி நடுவில் பொருத்தினேன். அடியில் தொங்கவிட்டதுதான் என் சொந்தக் கண்டுபிடிப்பு. கடிகாரத்தின் மணிக்கிண்ணங்கள், சைக்கிள் பெல்லின் மூடி, அவற்றை ஒட்டினாற்போல் காம்பொடிந்த ஸ்பூன்கள். பக்கத்தில் நின்று மூச்சுவிட்டால் போதும், கிணுகிணுவென்று பேச ஆரம்பித்துவிடும்.

அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இன்னாடா இது, அடிபட்ட வவ்வாலா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவளைப் பழிவாங்கத் தீர்மானித்தேன். வாசல் கூரையில் தொங்கிய நட்சத்திரத்தில் கறுப்பு நூலைக் கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, கட்டிலில் படுத்திருக்கும் என் கால் கட்டைவிரலில் முடிந்தேன். விரலை மடக்கினால் வெளியே மணி அடிக்கும். கணக்கில் ஃபெயிலான பெண்பிள்ளைகளைத் தேடி ஒரு தேவதூதன் வந்து போகிறான் என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன். அவள் கணக்கில் ஃபெயிலாகியிருந்தாள். நானும்தான், ஆனால் தேவதூதன் என் ஆள்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்தன. அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட், கீழே சுரங்கத்துக்குள் போயிருந்தார். அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் எங்கள் வாசலிலேயே அடுப்பு மூட்டி முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று அடியோடு நின்றுபோன மத்தியானம். அடுப்புப் புகை கயிறு கட்டி இழுத்ததுபோல நேராக மேலே போனது. லைன் கோடியில் சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த சாம்பல் மேடு, எப்போதும் புழுதி பறக்கவிடுவது, அன்று கல்லாக நின்றது.

நான் விரலை மடக்கினேன். மணி அடித்தது. அக்கா புத்தகத்தை மூடினாள். இன்னொரு தடவை மடக்கினேன். இந்த முறை அவள் பயப்படாமல் எழுந்து, ஜன்னலைப் பார்த்து, நூலைப் பார்த்து, என் காலைப் பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கி, அறுந்த முனையை என் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

"இதானே உன் தேவதூதன்? கூப்பிடு, வரட்டும்."

அப்போது மணி அடித்தது.

நூல் அவள் கையில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். வாசலுக்கு ஓடினோம். நட்சத்திரத்தின் தாள் வால் அசையவில்லை. ஸ்பூன்கள் மட்டும் குளிரில் பல் கிட்டுகிறவனைப்போலக் கிண்ணங்களின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றன.

அம்மா முறுக்கு அச்சைப் பிடித்தபடியே மேலே பார்த்தாள்.

"யாரு இழுத்தது?"

அக்கா அறுந்த நூலைத் தூக்கிக் காட்டினாள். அம்மா அச்சைக் கீழே வைத்தாள். சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் எங்கள் வீடுகளில் அலமாரிப் பாத்திரங்கள் உருளும். அது எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எதிர்வீட்டு அத்தை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பாத்திரம் ஒண்ணும் ஆடலியே அண்ணி" என்றாள்.

"மணி ஆடுச்சே" என்றாள் அம்மா.

அவள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள், கையைப் புடவையில் துடைத்தாள், செருப்புகூடப் போடாமல், ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் இருக்கும் பக்கம் நடந்தாள். ஓடவில்லை. அத்தை பின்னாலேயே போனாள். வழிநெடுக வீடுகளிலிருந்து ஒவ்வொருத்தியாக வெளியே வந்து, என்னவென்று கேட்காமலே சேர்ந்துகொண்டார்கள். இவ்வளவு பெண்கள் ஒன்றாகப் போய் சத்தமே இல்லாததை அன்றுதான் பார்த்தேன்.

நானும் அக்காவும் நட்சத்திரத்தோடு தனியாக விடப்பட்டோம். அது இன்னொரு முறை அடித்தது, லேசாக, தொண்டையைக் கனைப்பதுபோல. தேவதூதனைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பொய், கணக்கில் நானும் ஃபெயில்தான் என்று அதனிடம் சத்தமாக ஒப்புக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஷாஃப்ட் வாசலில் நடந்ததை அத்தை பின்னால் சொல்லித்தான் தெரியும். காவல்காரர் சிரித்தாராம். ஒன்றும் நடக்கவில்லை, வீட்டுக்குப் போங்க, பலகாரம் சுடுங்க என்றாராம். அம்மா நகரவில்லை. ஷிஃப்ட் முடிந்து கூண்டில் ஏறிவந்த ஆட்கள்தான் சொன்னார்களாம், அப்பா வேலை செய்த லெவலுக்குக் கீழே பாறை வெடித்து, ஒருவர் கால் நசுங்கிவிட்டதென்று. ஆபீசுக்குச் செய்தி வருவதற்கு முன்னால் என் ஸ்பூன்களுக்கு வந்திருந்தது.

அப்பா முகமெல்லாம் கல்தூளோடு வீட்டுக்கு வந்தார். உனக்கு யார் சொன்னது என்று வழியெல்லாம் அம்மாவைக் கேட்டிருக்கிறார். வாசலுக்கு வந்ததும் அம்மா மேலே கை காட்டினாள். அப்பா நட்சத்திரத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். நான் பாராட்டுக்குத் தயாராக, பட்டனெல்லாம் போட்டுக்கொண்டு, அவர் கண்ணில் படுகிற இடத்தில் நின்றேன். அவர் என்னைத் தாண்டிக் குளிக்கப் போய்விட்டார்.

பண்டிகை முடிந்தது. எல்லார் வீட்டிலும் நட்சத்திரம் இறங்கியது, எங்கள் வீட்டில் இறங்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் எங்கள் வாசலில் நின்று, "இன்னிக்கு அடிச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். என் புகழ் பரவுகிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன். சில நாளில் அம்மா கம்பியையும் தாளையும் பல்பையும் கழற்றி எறிந்துவிட்டு, கிண்ணங்களையும் ஸ்பூன்களையும் மட்டும் சமையல்கட்டு உத்திரத்தில் கட்டினாள். கலையின் உடம்பை எறிந்துவிட்டுக் குடலைத் தொங்கவிட்டதுபோல எனக்கு வருத்தமாகப் போயிற்று.

அப்பா ஒரே ஒரு நாள்தான் அதைப் பற்றிப் பேசினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இத்தக் கழட்டி எறிஞ்சிடு. கீழ இருக்கிற எனக்கே தெரியாதது, மேல இருக்கிற உனக்கு இன்னாத்துக்கு?"

அம்மா குழம்பு ஊற்றினாள். மறுநாள் அதன் மேல் பழந்துணி சுற்றியிருந்தது. அப்பா சாப்பாட்டுக் கேரியரோடு லைனைத் தாண்டியதும் அவள் முக்காலியில் ஏறித் துணியை அவிழ்ப்பாள். அவர் திரும்பும் நேரத்துக்கு மறுபடி சுற்றிவிடுவாள். அப்பாவுக்குச் சங்கீத ரசனை கிடையாது, அதனால்தான் பாவம் ஒளித்துவைத்துக் கேட்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன்.

அவளைச் சந்தோஷப்படுத்த என்னால் ஆனதைச் செய்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதெல்லாம், சத்தமில்லாமல் பின்பக்கமாக நுழைந்து, எம்பி அந்த ஸ்பூன்களை ஒரு தட்டுத் தட்டுவேன். அம்மா எங்கே இருந்தாலும் வந்து நிற்பாள், கையில் மாவோடோ ஈரத்தோடோ. நான் பல்லைக் காட்டுவேன். அவள் ஒரு தடவைகூட அடித்ததில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, அந்த மணி நிற்கிறவரைக்கும் அப்படியே நிற்பாள். அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.