மீசை வரைக்கும் வந்த ஒப்பந்தம்

பல தேசங்கள் கூடிப் பேசிய ஒரு பெரிய ஒப்பந்தம் என் மீசை வரைக்கும் வந்து நின்றது என்று சொன்னால் எங்கள் ஊரில் இப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிக்க வேண்டியதையெல்லாம் அப்போதே சிரித்து முடித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுக்கு இந்தப் பக்கம். நான் கூலிக்குக் களை பிடுங்கிய வேர்க்கடலைக் காடெல்லாம் இன்றைக்குக் கம்பெனிகளாக நிற்கின்றன. எங்களுக்கென்று கையகல நிலமும் கிடையாது. அதனால் கம்பெனிக்காரர்கள் நிலம் வாங்க வந்தபோது நாங்கள் பணக்காரர்களும் ஆகவில்லை, ஏமாந்துபோகவும் இல்லை. எங்களுக்கு இருந்தவை இரண்டு பசுக்கள். பெரியது செவலை. அதற்குத் தான் ஒரு மாடு என்பது அவ்வளவாக ஞாபகம் இருக்காது. வீட்டில் மூத்த மருமகள் மாதிரி நடந்துகொள்ளும்.

என் வீட்டுக்காரி கம்பெனியில் வேலை செய்கிறாள். காருக்குள் போகிற ஒயர்களைச் சேர்த்துக் கட்டுக்கட்டாகக் கட்டுகிற வேலை. விடிந்ததும் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, செவலைக்குக் கழுநீர் ஊற்றிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள். நான் பாலைக் கறந்து, பால் வாங்குகிற கேந்திரத்தில் ஊற்றிவிட்டு வருவேன். அவள் சம்பளம் பிள்ளைகள் படிப்புக்கு, என் பால் பணம் அடுப்புக்கு. இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் பால் கேந்திரத்தில் பால் அளக்கிற மாமா, கொழுப்பு பார்க்கிற மிஷினில் என் பாலை வைத்துவிட்டு, நம்பரைச் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா மாமா, தண்ணி கிண்ணி கீதா?"

"தண்ணி இல்லப்பா. இனிமே பாலுக்கே வேலை இல்லாத பூடும் போலக்கீது. பல தேசம் ஒண்ணா சேந்து ஒப்பந்தம் போடறாங்களாம். வரி கிடையாதாம். கப்பல்ல பால் பவுடர் வந்து எறங்கப் போவுதாம்."

"வந்தா வரட்டும். டீ போட்டுக் குடிக்கலாம்."

"நீ குடி. உன் மாட்டுப் பாலை யாரு குடிப்பான்? பவுடர் வர்ற ஊர்ல மனுசாளுங்கள விட மாடு ஜாஸ்தியாம். பாலைக் காய வெச்சி மாவாக்கி மூட்டை மூட்டையா அனுப்பறானாம்."

வரிசையில் நின்றவர்களில் ஒருவன், "நம்மாளுங்க பால்ல தண்ணி ஊத்தி விக்கிறாங்க. அவன் தண்ணியே இல்லாத விக்கிறான். யோக்கியன்தான்" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பால் ரேட்டு இறங்கினால் தீவனம் போடக் கட்டாது. தீவனம் போட முடியாவிட்டால் மாட்டை விற்க வேண்டியதுதான். மாட்டை விற்றுவிட்டால் நான் யார்?

சாயந்திரம் வீட்டுக்காரி அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

"ரேட்டு எறங்கிச்சின்னா ரெண்டையும் வித்துட்டு எங்க கம்பெனி கேட்டாண்ட செக்யூரிட்டியா நில்லு. சட்டை தராங்க, தொப்பி தராங்க, விசில் கூட தராங்க."

"விசில் எனக்கு எதுக்குமே? மாட்டை வாயாலயே கூப்புடுவேன்."

"அங்க மாடு வராது. லாரிதான் வரும்."

அவள் குரலில் வருத்தமே இல்லை. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அதே ஒப்பந்தம் வந்தால் இவர்கள் கட்டுகிற ஒயர் அந்தத் தேசங்களுக்கு வரியில்லாமல் போகுமாம். ஆர்டர் குவியுமாம். காண்ட்ராக்டில் இருக்கிற பெண்களையெல்லாம் பர்மனென்ட் ஆக்குவோம் என்று சூப்பர்வைசர் மீட்டிங்கில் சொல்லியிருக்கிறார். எந்த ஒப்பந்தத்தை நினைத்து நான் பயந்தேனோ, அதை நினைத்து அவளுக்கு வயிறு குளிர்ந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் தலைக்குக் குளித்து, துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, அதில் ஒரு காசு வைத்து முடிந்தேன். எங்கள் பக்கம் இதை முடுப்பு என்போம். வேண்டிக்கொண்டது நடந்தால் திருப்பதி மலைக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட வேண்டும். அதுவரைக்கும் அவிழ்க்கக்கூடாது. "ஏழுமலையானே, இந்தக் கையெழுத்து மட்டும் விழாமல் பார்த்துக்கொள். என் தலைமுடியைக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். தலைமுடி என்றுதான் சொன்னேன். மீசையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பந்தோபஸ்தாகத்தான் வேண்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பால்காரர்களெல்லாம் மாடுகளோடு சத்தியவேட்டு நாலு ரோட்டில் தர்னா செய்வது என்று முடிவானது. வெளிநாட்டுப் பால் பவுடர் மூட்டை மாதிரி ஒரு பொம்மை செய்து கொளுத்துவதாக ஏற்பாடு. பவுடருக்கு எங்கே போவது? சாக்கில் வைக்கோலைத் திணித்து, மேலே சுண்ணாம்பில் 'பால் பவுடர்' என்று எழுதினார்கள். கோஷம் போட்டு முடிப்பதற்குள் இரண்டு மாடுகள் பொம்மையின் அடிப்பக்கத்தைத் தின்றுவிட்டன. "எதிரியை நம்ம மாடே துன்னுடுச்சிப்பா, கொளுத்த இன்னாத்துக்கு?" என்றார் மாமா.

அப்போதுதான் கம்பெனி பஸ் வந்து நின்றது. முன்னால் போக வழியில்லை. ஜன்னலில் நீலக் கோட்டுகள். அதில் ஒன்று என் வீட்டுக்காரி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வெளிநாட்டுப் பவுடர்" என்று உரக்கக் கத்தினேன். "ஒழிக" என்று கூட்டம் கத்த வேண்டும். அதற்குள் பஸ்ஸிலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏய் செவலை! வெயில்ல நிக்க வெச்சிக்கினு கீறான் பாரு, தண்ணி காட்டினானா உனக்கு?"

செவலை தலையைத் தூக்கியது. தினமும் கழுநீர் ஊற்றுகிற குரல் அல்லவா? கயிற்றை என் கையிலிருந்து உருவிக்கொண்டு நேராகப் பஸ்ஸை நோக்கி நடந்தது. முன்னங்காலைப் படியில் வைத்துத் தலையை உள்ளே நுழைத்து "ம்மா" என்றது. பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏமய்யா, நீ ஆவு கம்பெனி பஸ் எக்குத்தாந்தே!" என்றார். உன் பசு கம்பெனி பஸ் ஏறுகிறதே என்று தெலுங்கில் கேலி. பசு கட்சி மாறியதைப் பார்த்துக் கூட்டமும் சிரித்துக் கலைந்தது. நான் வாலைப் பிடித்து இழுக்க, அவள் உள்ளேயிருந்து கொம்பைப் பிடித்துத் தள்ள, எப்படியோ இறக்கினோம். ஒரே மாட்டுக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக நாங்கள் நின்ற அந்தக் கோலத்தை யாரோ போனில் படம் எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அவளுக்கு வேலைக்கு லேட். அந்தக் கோபத்தோடு சாயந்திரம் வீட்டுக்கு வந்தாள். விளக்கேற்றப் போனவள் திரும்பி, "நீ ஒண்ணு கட்டினா நானும் ஒண்ணு கட்டுவேன்" என்றாள். போய்ப் பார்த்தேன். ஆணியில் இரண்டு முடுப்பு தொங்கின.

"இன்னான்னு வேண்டிக்கின?"

"கையெழுத்து ஆவணும்னு."

"ஆனா?"

"உன் தலைமுடியும் மீசையும் குடுக்கறேன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் மீசையைக் குடுக்க நீ யாருமே? உன் முடியைக் குடுக்க வேண்டியதுதானே?"

"என் பங்குக்கு நான் மூணு கத்தரி முடி குடுத்துக்கறேன். உன்னைக் கட்டிக்கினவ நான். உன் மேல கீறது எல்லாத்துலயும் எனக்கும் பாத்தியதை கீது."

எங்கள் பக்கம் இது புதிதில்லை. தாய் பிள்ளையின் தலையை வேண்டிக்கொள்வாள், தங்கை அண்ணன் தலையை. தலைக்குச் சொந்தக்காரனைக் கேட்க வேண்டும் என்று வழக்கமில்லை. சாமியிடம் சொன்னால் சொன்னதுதான். அதனால் என்னால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் கேந்திரத்தில் மாமா இதைக் கேட்டுப் பால் படியைக் கீழே வைத்துவிட்டார். "இரு இரு. கையெழுத்து ஆவலன்னா தலை. ஆச்சின்னா தலையும் மீசையும். அப்ப நீ தப்பிக்கிற வழியே இல்லியேப்பா! ஒப்பந்தம்னா இதான். எவன் ஜெயிச்சாலும் நம்ம தலை." அதற்குப் பிறகு அவர் கொழுப்பு எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னால், "மீசை எப்பிடி கீது?" என்று கேட்க ஆரம்பித்தார்.

எனக்கு மீசையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஒரே ஆணியில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு வேண்டுதல். பெருமாள் எதைக் கேட்பார்? காலையில் என் முடுப்பைச் சற்று முன்னால் இழுத்துவிட்டுக் கும்பிடுவேன். மறுநாள் பார்த்தால் அவளுடையது முன்னால் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் பூ வைத்தாள்.

கடைசியில் ஒருநாள் சாயந்திரம் டி.வி.யில் சொல்லிவிட்டார்கள். நம் நாடு கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டது. கேந்திரத்தில் வெடி வெடித்தார்கள், வெல்லம் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. செவலைக்கு ஒரு கட்டி, வீட்டுக்காரிக்கு ஒரு கட்டி என்று துண்டில் முடிந்துகொண்டு ஓடிவந்தேன். அவள் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிவந்து, கழுத்து அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸிலேயே கேட்டிருக்கிறாள்.

"துன்னு" என்று வெல்லத்தை நீட்டினேன்.

வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். "நல்லா கீது" என்றாள். வழக்கமாக இரண்டு வார்த்தை ஏசாமல் என்னை விடமாட்டாள். அன்றைக்கு விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பால் ரேட்டு இறங்கவில்லை. ஏறவும் இல்லை. மாடுகள் கொட்டகையில் நின்றன, நான் அவற்றோடு நின்றேன். நான் கேட்டது அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. கம்பெனியில் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. ஒருநாள் விடியலில் கழுநீர் ஊற்றிக்கொண்டே செவலையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "குடி, குடி. நீ பர்மனென்ட். நான்தான் இன்னும் காண்ட்ராக்ட்டு." கொட்டகைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் மறுபடி வீட்டுக்குள் போய்விட்டேன்.

வேண்டுதலைத் தள்ளிப் போடக்கூடாது என்று, பக்கத்து வீட்டு மச்சானிடம் மாடுகளை ஒப்படைத்துவிட்டு இருவரும் புறப்பட்டோம். காளஹஸ்தியில் பஸ் மாறும்போது, "கோபுரத்தை இங்கிருந்தே கும்புட்டுக்கோ. உள்ள போனா அப்புறம் வேற கோயிலுக்குப் போவக்கூடாது, நேரா வூட்டுக்குத்தான் போவணும்" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். அவளுடைய முடுப்பையும் கொண்டுவந்திருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "வூட்ல தனியா இருக்கும் பாவம்" என்றாள்.

திருமலையில் கல்யாண கட்டாவில் முடி எடுக்க உட்கார்ந்தேன். அவள் துண்டை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். தலையில் கத்தி ஓடி முடிந்ததும் நாவிதர், "மீசம் கூடானா?" என்று, மீசையையும் எடுக்கவா எனக் கேட்டார். எனக்கு முன்னால் அவள் பதில் சொன்னாள். "ஒத்தண்ணா, தல மாத்ரமே." வேண்டாம், தலை மட்டும்தான் என்று.

கையெழுத்து ஆகாததால் மீசை தப்பிவிட்டது. அது நியாயம்தான். ஆனால் துண்டைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். ஒயர் கட்டிக் கட்டி நுனியெல்லாம் காய்த்திருந்தது.

"மீசையும் எடுங்கண்ணா" என்றேன்.

"யோவ்! அதான் கையெழுத்து ஆவலியே?"

"ஒப்பந்தம் அவங்களுது. பர்மனென்ட் உன்னுது. அதுக்கு இப்பவே குடுத்துடறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒரு பக்க மீசை போய்விட்டது. பாதி மீசையோடு இருந்த என்னைப் பார்த்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உரிச்ச பூண்டு மாதிரி கீற" என்றாள்.

சந்நிதியில் நான் தெளிவாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வரிசையில் நின்ற நேரமெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். போனதும் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தள்ளிவிட்டார்கள். "கோவிந்தா" என்பதோடு சரி. வெளியே உண்டியலில் என் முடுப்பைப் போட்டேன். அவளும் தன்னுடையதைப் போட்டாள்.

"உன்னுது ஏன் போடற? உன்னுதுதான் நடக்கலியே."

"மீசை குடுத்தாச்சில்ல? நம்ம பக்கம் முடிஞ்சிது. இனிமே பாக்கி அவருதுதான்."

பெருமாளிடம் இப்படிப் பேசலாமா என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அவள் கும்பிட்ட மாதிரி அன்றைக்கு யாரும் கும்பிட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் விடியலில் வாளியோடு கொட்டகைக்குப் போனேன். செவலை என்னைப் பார்த்து மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. குரல் கொடுத்தேன். குரல் சரி, முகம் சரியில்லை என்று அதற்குச் சந்தேகம். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனேன். மீசைக்கு எதைக் கட்டுவது? வாளியை எட்டி உதைத்தது. பாலை அடக்கிக்கொண்டது.

"மூஞ்சியைக் காட்டாத, தள்ளு" என்று வீட்டுக்காரி நீலக் கோட்டோடு உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தாள். நான் மாடு பார்க்காதபடி அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. "அக்கா, உன் மாடு இன்னிக்கும் பஸ்ஸை நிறுத்திடுச்சா?" என்று பெண்கள் கத்தினார்கள். வாளியை என் கையில் திணித்துவிட்டு, கோட்டில் பால் துளிகளோடு ஓடிப்போய் ஏறினாள்.

கேந்திரத்தில் மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருப்பா நீ? இது எங்காளு மாட்டுப் பாலாச்சே, திருடிக்கினு வந்துட்டியா?"

மீசை திரும்ப வளர்ந்துவிட்டது. செவலையும் என்னை மன்னித்துவிட்டது. வீட்டுக்காரி இன்னும் காண்ட்ராக்டில்தான் இருக்கிறாள். டி.வி.யில் இப்போது வேறு ஏதோ தேசத்தோடு வேறு ஒப்பந்தம் என்று பேசுகிறார்கள். போன சனிக்கிழமை கொட்டகைக்குப் போகும்போது பார்த்தேன், துணிக்கொடியில் ஒரு மஞ்சள் துணி ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்தது. மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு வாளியை எடுத்தேன்.