நிறைத்து வைத்த துப்பாக்கி

காற்றுத் துப்பாக்கி வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். வாங்கப் போகும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதே. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்வதில்லை.

எங்கள் ஊர் நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் இருக்கிறது. அப்போது அது ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எல்லையை எங்கே போடுவது என்று வருடக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் எங்கள் பக்கம் மதராஸுக்குப் போகிறது என்று முடிவாகியிருந்த சமயம். ஊரில் எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்கும்தான், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. விஜயதசமியன்று சித்தூரில் காற்றுத் துப்பாக்கிப் போட்டி நடக்கும். சித்தூர் ஜில்லாக்காரர்கள் மட்டுமே அதில் சுடலாம். அடுத்த தசராவுக்கு நாங்கள் வேறு மாநிலம். எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு விஜயதசமிதான்.

முந்தின வருடம் இரவல் துப்பாக்கியில் சுட்டு, கடைசிச் சுற்றில் பங்காருபாளையத்து மாந்தோப்புக்காரர் ஒருவரிடம் தோற்றிருந்தேன். அவர் என் தோளைத் தட்டி, “மாங்கா அடிக்கிறதுக்கு இது போதும் தம்பி” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வருடம் முழுக்க என் காதிலேயே இருந்தது. இரவல் துப்பாக்கிகளால் தகராறு வருகிறதென்று போட்டிக்காரர்கள் புது விதி வேறு போட்டார்கள். பெயர் கொடுக்கும்போது எந்தத் துப்பாக்கியைக் காட்டுகிறோமோ, அதைத்தான் சுட வேண்டும். ஆகவே சொந்தமாக ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தேன். சின்னப் பிள்ளையின் பிடிவாதம் இல்லை, கல்யாணமாகிக் கழனி வேலை முழுவதையும் நான் பார்த்துக்கொண்டிருந்த வயது. நைனா, அதாவது அப்பா, சரி என்றார். கூடவே வருவேன் என்றும் சொல்லிவிட்டார்.

சித்தூர் கடையில் இருந்தது குழலை மடக்கிச் சுடும் ரகம். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடவை மடக்க வேண்டும். விசையை அழுத்தியதும் உள்ளே சுருள் பாய்ந்து முட்டும். குண்டு குழலைவிட்டுப் போவதற்குள் அந்த உதறல் கையை அசைத்துவிடும். முந்தின வருடம் என்னைத் தோற்கடித்ததே அந்த உதறல்தான். நைனா அதை வாங்கிப் பூசணிக்காய் வாங்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார்.

“நல்லா கனமா கீது. இதையே எடுத்துக்கினு போலாம்” என்றார்.

கனத்துக்கும் குறிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கடைக்காரர் நைனா பக்கம் சேர்ந்துகொண்டார். நான் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது திருப்பதியில் இருந்தது. அலிபிரி போகும் சாலையில் குடியிருந்த, காட்டிலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் தம் துப்பாக்கியை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போனது. குழலுக்குக் கீழே ஒரு பித்தளை உருளை. அதில் முன்கூட்டியே பம்பு வைத்துக் காற்றை அடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை அடைத்தால் வரிசையாகப் பல குண்டுகள் சுடலாம். மடக்கவும் வேண்டாம், உதறலும் இல்லை. அவர் வீட்டுக் கொல்லையில் புளியமரத்தில் தொங்கிய ஒற்றைப் பழத்தைக் குறிவைத்து அழுத்தினேன். துப்பாக்கி என் தோளில் அசையாமல் இருந்தது, பழம் விழுந்தது. இதைவிட்டு வேறு எதையும் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அவர் ஒன்றை அழுத்திச் சொன்னார். உள்ளே இருப்பது பழைய தோல் வாஷர். பாதிக்கு மேல் காற்று ஏற்றக் கூடாது, ஏற்றியதைச் சுட்டுத் தீர்த்துவிட வேண்டும், அடைத்தபடி வைத்திருக்கவே கூடாது. நான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நைனா அந்த வீட்டு அம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு, மலைப்படியில் வெயில் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். திரும்பும் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், “ஊர்ல இல்லாத காத்துன்னு திருப்பதி வரைக்கும் வந்து வாங்கிக்கினு போறான் எம்புள்ள” என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

சித்தூருக்குப் போய்த் துப்பாக்கியைக் காட்டிப் பெயர் கொடுத்தேன். புரட்டாசி மாதம் என்பதால் வீட்டில் கவிச்சி கிடையாது, கவுதாரிகள் பிழைத்தன. வேலியில் கொட்டாங்குச்சிகளைக் கட்டித் தினமும் சுட்டுப் பழகினேன். அம்மா கொட்டாங்குச்சி கேட்டால் ஓட்டை இல்லாதது ஒன்றுகூட வீட்டில் இருக்காது. இந்தத் தடவை ஜெயிக்கப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆயுத பூஜையன்று பொரியும் வாழைக்கன்றும் வாங்க நகரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பூஜை பாதி முடிந்திருந்தது. கலப்பை, மண்வெட்டி, அரிவாள், தண்ணீர் இறைக்கும் கவலைச்சால் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. நடுவில் என் துப்பாக்கி, அதன்மேல் சாமந்திச் சரம். எனக்கு மனசு குளிர்ந்துதான் போனது. பிறகுதான் பக்கத்தில் பம்பைப் பார்த்தேன்.

“பம்பு எதுக்கு நைனா வெளிய வந்துது?”

“காத்து அடிச்சேன்” என்றார். அவர் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. “காலியா வெச்சா சாமிக்கு ஆவுமாடா? படியில நெல்லு கீது, கொடத்துல தண்ணி கீது, வெளக்குல எண்ணெ கீது. இது மட்டும் வெறுமனே இருந்துக்கினு இருக்குமா? இனிமே ஏறாதுன்ற வரைக்கும் அடிச்சி வெச்சேன்.”

எங்கள் வீட்டில் சாமி முன்னால் எதையும் காலியாக வைத்ததில்லை. மரக்காலைக்கூடக் கோபுரமாக அளந்துதான் வைப்பார்கள். அந்தக் கணக்கில் என் துப்பாக்கியையும் சேர்த்துவிட்டார்.

காற்றை இறக்கிவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் கற்பூரம் காட்டி நகர்த்தும்வரை தொடக் கூடாது. நான் நைனாவைப் பார்த்துக் கத்தினேன். வாஷர் கிழியும் என்றேன், நாளைக்குத்தானே போட்டி என்றேன், துப்பாக்கியை விற்றவர் சொன்னது உன் காதில் விழவே இல்லையா என்றேன். “சாமிய மீறி என்னடா கிழிஞ்சிடும்?” என்றார் நைனா. அம்மா அழ ஆரம்பித்தாள். கையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

விடிந்ததும் நைனாவே கற்பூரம் காட்டித் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். விசையை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப பம்பு வைத்து அடித்தேன். ஏற்ற ஏற்றக் காற்று புஸ்ஸென்று வெளியேறியது.

அப்படியும் சித்தூருக்குப் போனோம். நைனா தானாகவே கூட வந்து பஸ் ஏறினார். சுட வந்த ஒருவர் தம் துப்பாக்கியைத் தருகிறேன் என்றார். பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், காட்டிய துப்பாக்கியைத்தான் சுட வேண்டும் என்று தெலுங்கில் சொல்லிவிட்டார். நைனா அவரிடம் போய்ச் சேதம் செய்தது தான்தான், பையன் இல்லை என்று தெலுங்கிலேயே மன்றாடினார். யாரிடமும் கைகட்டி நிற்காத மனிதர் கைகட்டி நின்றார். எனக்குப் பாவமாக வரவில்லை. இந்தப் பணிவு நேற்று எங்கே போயிருந்தது என்றுதான் ஆத்திரம் வந்தது.

“ஒச்சே ஏடு ரண்டி” என்றார் அந்த மனிதர், அடுத்த வருடம் வாருங்கள் என்று. எங்கள் ஊர்ப் பெயரைத் திரும்பப் பார்த்ததும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பேனாவை மூடிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பங்காருபாளையத்துக்காரரே அந்த வருடமும் ஜெயித்தார்.

சொன்னபடி நாங்கள் மதராஸ் ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தோம். செருப்பு தைப்பவரிடம் புதுத் தோலில் வாஷர் வெட்டிப் போட்டேன், துப்பாக்கி பழையபடி ஆனது. பல வருடம் அதில் கவுதாரியும் முயலும் சுட்டோம். நைனா அந்தக் கறியை ருசித்துத்தான் தின்றார். ஒரே ஒரு தடவையைத் தவிர என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

அடுத்த ஆயுத பூஜையில் எல்லாவற்றையும் வழக்கம்போல நிறைத்தார். படியில் நெல், குடத்தில் தண்ணீர், விளக்கில் எண்ணெய். துப்பாக்கியைத் துடைத்து நடுவில் வைத்தவர், பூ வைப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்.

“காத்த எறக்கிட்டியாடா?” என்று கேட்டார்.

இறக்கிவிட்டேன் என்று தலையசைத்தேன். அவர் பூவை வைத்தார். ஒரு வருடம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இன்றைக்கு அவர் இல்லை. அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது.