மேல் கார்டுக்கு ஒரு பொட்டு

ஹில்டா அக்காவை முதன்முதலில் பார்க்கிறவர்கள் அவரை ஏதோ பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் என்றுதான் நினைப்பார்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, சாப்பாட்டுக் கூடை, குனியாத நடை. "எந்த ஸ்கூல் மிஸ் நீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் அக்காவின் முகம் சட்டென்று வாடிவிடும். அவர் வீட்டில் அவரைத் தவிர எல்லோரும் டீச்சர்கள். அப்பா லாசரஸ் ஹெட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். அண்ணன், அண்ணி, தங்கை ஜெரூஷா, எல்லோரும் கையில் சாக்பீஸ் பிடித்தவர்கள். அக்காவுக்குக் கல்யாணமும் பிள்ளைப்பேறும் அடுத்தடுத்து வந்ததில் பி.எட். பாதியிலேயே நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் கூடும்போது, "இவ ஹில்டா, நெட் சென்டர்ல இருக்கா" என்று குரலைத் தாழ்த்தித்தான் அறிமுகம் செய்வார்களாம். என்னவோ ஜெயிலில் இருக்கிற மாதிரி! கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நெட் சென்டரில்தான் நானும் வேலை பார்த்தேன். என் பெயர் சரிதா. மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் மருந்துக்கடைக்கு மாடியில் பாலா நெட் பாயிண்ட். யார் எந்தக் கேபினில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று பார்ப்பதும், நேரம் முடிந்தும் எழுந்திருக்காதவர்களை எழுப்பிவிடுவதும் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வேலைக்கு அது தேவையாகவும் இருந்தது.

கேபின்களில் பதினொரு கணினிகள். மூலையில் ஒரு பெரிய பெட்டி, அதற்குப் பெயர் சர்வர். வெளியிலிருந்து வரும் இன்டர்நெட்டை ஒரு பக்கம் வாங்கி, இன்னொரு பக்கம் பதினொன்றுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. அதற்காக அதன் முதுகில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒன்று வெளி லைனுக்கு, மற்றொன்று உள் லைனுக்கு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள்.

அந்தச் சர்வரில் லினக்ஸைப் போட்டவர் ஹில்டா அக்கா. அதற்கு முன்னால் திருட்டு விண்டோஸ் சிடி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் வைரஸ், வாரம் தவறாமல் வாடிக்கையாளரின் வசவு. அக்கா தானாகவே படித்து, தப்பும் தவறுமாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டு லினக்ஸைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பெட்டி வாயைத் திறக்கவில்லை. முதலாளி பாலகுரு சார் அதைக் கோயில் யானையைப் பார்ப்பதுபோலப் பெருமையாகப் பார்ப்பார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு விஜயதசமிக்குப் பாலகுரு சார் புதிதாக ஒன்று ஆரம்பிக்க முடிவு செய்தார். பெண்களுக்கான கணினி வகுப்பு. நோட்டீஸ் அடித்து, தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் வரை ஒட்டியாயிற்று. அதில் கடைசி வரி, 'ஆசிரியை: திருமதி ஹில்டா ஆரோன்'. அந்த வரியை அக்கா எத்தனை தடவை படித்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நோட்டீஸை நாலாக மடித்துக் கூடைக்குள் வைத்ததை மட்டும் பார்த்தேன். 

சந்தோஷம் வந்தால் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. "சர்வர்ல இருக்கறது பழைய வெர்ஷன் சரிதா. அதுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வர்றதே நின்னுபோச்சு. கிளாஸ் ஆரம்பிக்கறதுக்குள்ள புதுசுக்கு மாத்திடணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். பாலகுரு சாருக்கு மனசே இல்லை. "ஓடிகினு கீறத ஏன் ஹில்டாம்மா நோண்டணும்?" என்றார். அக்கா விடவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம், கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். திரையில் எழுத்துகள் அருவி மாதிரி கொட்டின. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. எல்லாம் முடிந்து சர்வரை அணைத்துப் போட்டதும் புது லினக்ஸ் எழுந்து உட்கார்ந்தது. பதினொரு கேபின்களிலும் ஓடி ஓடிப் பார்த்தேன். பதினொன்றிலும் நெட். பல்லாவரத்தில் இருக்கும் என் சிநேகிதி காமுவுக்கு ஒரு மெயில்கூடத் தட்டிவிட்டேன். கீழே போய் மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்து கொண்டாடினோம்.

மறுநாள் ஆயுத பூஜை. அக்காவுக்கு விடுமுறை. பாலகுரு சார் பூஜை போடும் அழகைச் சொல்ல வேண்டும். மற்ற கடைகளில் கம்ப்யூட்டரின் தலையில் ஒரு பொட்டு வைத்து மாலை போட்டு முடித்துவிடுவார்கள். இவருக்கு அது போதாது. எல்லாப் பெட்டிகளையும் திறந்து, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, பிரஷ் போட்டுத் தூசி தட்டித் துணியால் துடைத்து, திரும்ப மாட்டி, மௌஸுக்குச் சந்தனம், யூபிஎஸ்ஸுக்குச் சந்தனம், ஃபேன் ரெகுலேட்டருக்குக்கூடச் சந்தனம் வைப்பார். பூஜை முடிந்தால் மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை ஒரு ஸ்விட்சையும் தொடக் கூடாது. மெஷினெல்லாம் ஓய்வெடுக்கிறதாம்.

விஜயதசமி காலை ஒன்பது மணிக்குச் சூடம் காட்டி எல்லாவற்றையும் போட்டோம். வகுப்புக்குக் குறித்த நல்ல நேரம் பத்தரை. சர்வர் எழுந்தது. கேபின் கணினிகள் எழுந்தன. ஒன்றிலும் நெட் வரவில்லை.

அக்கா சர்வரின் முன்னால் உட்கார்ந்தார்.

இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தவர்போல மதியழகன் வந்து நின்றார். பாலகுரு சாரின் மச்சான். வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். சட்டைப் பையில் ஒரு விண்டோஸ் சிடி, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. "நான் அன்னிக்கே இன்னா சொன்னேன் மாமா? லினக்ஸ்லாம் பெரிய கம்பெனிக்காரன் வச்சிக்கறது. அப்கிரேடு பண்ணா இப்டித்தான் படுத்துக்கும்."

பாலகுரு சார் கையைப் பிசைந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் விஜயதசமியன்று தொடங்குவது தடைபட்டால் வருஷம் முழுக்கத் தடை என்று நம்புகிறவர். "ஹில்டாம்மா, பத்தரை வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள வர்லைன்னா மச்சான் ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல லைன நேரா சொருகி, அவனே கிளாஸை ஆரம்பிச்சு வெக்கட்டும். மத்தியானம் சர்வர்ல விண்டோஸ் போட்டுக்கலாம். தப்பா நெனச்சிக்காதீங்க."

அவனே கிளாஸை ஆரம்பிக்கட்டும் என்றால் என்ன அர்த்தம்? ஆரம்பித்தவர்தான் தொடர்ந்து நடத்துவார். அக்காவின் கை கீபோர்டில் அப்படியே நின்றதை நான் பார்த்தேன்.

"சரி சார்" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வேகம் வந்ததே! முதலில் வெளி லைனைக் கழற்றி ஒரு கேபின் கணினியில் நேராகச் சொருகினார். நெட் வந்தது. "லைன்ல கோளாறு இல்ல. சர்வர்லதான் ஏதோ" என்றார். லைனைத் திரும்ப அதே இடத்தில் மாட்டினார். அடுத்து, எதை உள்ளே விடலாம் எதை விடக் கூடாது என்று தான் எழுதி வைத்திருந்த காவல் விதிகளையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தார். வரவில்லை. பழைய லினக்ஸின் கரு, கெர்னல் என்பார்கள், இன்னும் வட்டில் இருந்தது, அதைக் கொண்டு சர்வரை எழுப்பிப் பார்த்தார். அதிலும் வரவில்லை. இரண்டு கார்டிலும் பச்சை விளக்கு பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. ரெண்டும் உயிரோடு இருக்கிறது, ரெண்டும் பேச மாட்டேன் என்கிறது!

"முந்தாநாள் சாயங்காலம் நல்லாத்தானே ஓடுச்சு? நானே மெயில் அனுப்பினேன் சார்!" என்று கத்தினேன்.

"அதாம்மா எனக்கும் பயமா கீது. பூஜைக்கு முந்தின நாள் போயி அத்த நோண்டியிருக்கக் கூடாது" என்றார் பாலகுரு சார்.

அக்கா தலையைத் தூக்கினார். "அன்னிக்கு ஓடுச்சு. இன்னிக்கு ஓடல. நடுவுல பூஜைதான். சார், நேத்து சர்வரை என்ன பண்ணீங்க?"

"எப்பவும் பண்றதுதான். தொறந்தேன், தொடச்சேன், கார்டு ரெண்டையும் எடுத்துத் தொடச்சு மாட்டினேன். வயரு மாத்தல, சத்தியமா. மேல கீறது வெளி லைன், கீழ கீறது உள் லைன். போன வருஷமும் இதேதான் பண்ணேன். ஒண்ணும் ஆவல."

அது உண்மை. போன வருஷமும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுநாள் ஜம்மென்று ஓடியது. மதியழகன் வாட்சைப் பார்த்தார். கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம். வகுப்புக்குப் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முதல் ஆளாக வந்தவர் கங்கம்மா. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்பவர். அன்றைக்கு யாவாரத்துக்கு லீவு விட்டுவிட்டு, பட்டுப் புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரத்தோடு வந்திருந்தார்.

"இன்னாம்மா, அல்லாரும் எழவு வூடு கணக்கா நின்னுகினு கீறீங்க?" என்றார்.

"சரிதா, உன் செல்லுல டார்ச் இருக்கில்ல? வா" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா மேசைக்குப் பின்னால் தவழ்ந்தார். நானும் தவழ்ந்தேன். சுவருக்கும் சர்வருக்கும் நடுவில் ஒட்டடையும் சந்தன வாசனையும். டார்ச்சைச் சர்வரின் முதுகில் அடித்தேன். மேல் கார்டின் தகட்டில், வயர் சொருகும் துளைக்குப் பக்கத்தில், புத்தம்புதிய பொட்டு.

"இங்கயுமா சார்?" என்றேன்.

"மேல் கார்டுக்கு மட்டும் ஒண்ணு வெப்பேன். வெளி லைன்லேர்ந்துதானே லட்சுமி உள்ள வர்றா!" என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சார் குரல் கொடுத்தார். "தகட்டத் தண்ணி போட்டுத் தொடக்கறதில்ல. கரண்ட் சமாச்சாரம்."

அக்கா என் கையைப் பிடித்து டார்ச்சைக் கீழே இறக்கினார். கீழ்க் கார்டின் தகட்டிலும் ஒரு பொட்டு இருந்தது. பழையது. மங்கி, காய்ந்து, ஓரம் உதிர்ந்தது.

"சார், போன வருஷம் எந்தக் கார்டுக்கு வச்சீங்க?"

"சொன்னேனே, எப்பவும் மேல் கார்டுக்குத்தான்."

"அப்போ போன வருஷப் பொட்டு எப்படி சார் கீழ்க் கார்டுல இருக்கு?"

"ஐயையோ" என்றார் பாலகுரு சார். துடைக்கிற அவசரத்தில் மேல் கார்டைக் கீழேயும், கீழ்க் கார்டை மேலேயும் மாட்டியிருக்கிறார்! இரட்டைப் பிள்ளைகளில் எது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"மாறினா இன்னா? ரெண்டும் ஒரே கார்டுதானே?" என்றார் மதியழகன். நியாயமான கேள்விதான், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்கா இருட்டுக்குள்ளிருந்தே சொன்னார். அந்தக் குரலில் இருந்த துள்ளல் இன்னும் என் காதில் இருக்கிறது. "பழைய லினக்ஸ் இடத்தைப் பார்த்துப் பேர் வைக்கும். மேல யார் இருந்தாலும் அவன் மூத்தவன், கீழ யார் இருந்தாலும் இளையவன். மூத்தவனுக்கு வெளி வேலை, இளையவனுக்கு உள் வேலை. அதனால முன்னாடியெல்லாம் நீங்க எப்படி மாத்தி மாட்டினாலும் ஓடியிருக்கும். புதுசு ஆளைப் பார்த்துப் பேர் வைக்குது. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பர் இருக்கு, அதை முந்தாநாளே ஞாபகம் வச்சிக்கிச்சு. கரு பழசானாலும் பேர் வைக்கற ஆள் புதுசு, அதான் அதுலயும் வரல. வெளி வேலை பார்த்தவன் இப்ப கீழ உட்கார்ந்திருக்கான். நாம அவனுக்கு உள் லைனைக் கொடுத்திருக்கோம்!"

சொல்லிக்கொண்டே இரண்டு வயர்களையும் பிடுங்கி, மாற்றிச் சொருகினார். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே செய்யவில்லை.

முதல் கேபினில் உட்கார்ந்து எதை எதையோ அமுக்கிக்கொண்டிருந்த கங்கம்மாதான் முதலில் கத்தினார். "ஏய், இன்னாமோ வந்துட்ச்சிம்மா! கலர் கலரா வந்துட்ச்சி!" நான் எழுந்து ஓடினேன். இரண்டாவது கேபின், வந்துவிட்டது. ஐந்தாவது, வந்துவிட்டது. கடைசிக் கேபினுக்குப் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பதினொன்றிலும் வந்துவிட்டது! ஓடிவந்து, ஒட்டடை படிந்த தலையோடு எழுந்து நின்ற அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"அப்போ என் மேலதான் தப்பா?" என்றார் பாலகுரு சார் பாவமாக.

"என் மேலயும்தான் சார். நான் லினக்ஸை மாத்தினதோட போயிருந்தா ஓடியிருக்கும். நீங்க கார்டைத் தொடச்சதோட போயிருந்தாலும் ஓடியிருக்கும். ரெண்டு பேரும் ஒழுங்கா வேலை பார்த்துட்டோம்" என்று அக்கா சிரித்தார். சார் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டார். மதியழகன் சிடியைப் பையிலிருந்து எடுத்துப் பையிலேயே வைத்தார். பாவம், மனிதர் அதற்குப் பிறகு நாற்காலிகளைத் தூக்கிப் போட்டு உதவினார்.

பத்தரைக்குப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நடுவில் நின்றார். மௌஸை எப்படிப் பிடிப்பது என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு கேபினாகப் போய் ஒவ்வொருவரின் கையையும் மௌஸின் மேல் வைத்துக் காட்டினார். நான் என் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் நெட் பார்க்க நேரம் கேட்டு வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"டீச்சர்" என்று கங்கம்மா கூப்பிட்டார்.

அக்கா திரும்பவில்லை. பக்கத்துக் கேபினில் குனிந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்! டீச்சர், உங்களத்தான்!"

அப்போதும் திரும்பவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"ஹில்டா அக்கா, உங்களைத்தான் கூப்புடறாங்க!"

அக்கா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், கங்கம்மாவைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "இதோ வர்றேம்மா" என்று முதல் கேபினுக்கு நடந்தார்.